திரும்பி வராத பிரீமியம்

ஆயுள் இன்சூரன்ஸ் எடுத்தவன் தவணைக் காலம் முடியும்வரை உயிரோடு இருந்துவிட்டால், அவன் கட்டிய பணம் அவனுக்கே திரும்பி வந்தாக வேண்டும், வராத பட்சத்தில் அந்த ஏற்பாடு கம்பெனிக்கு மட்டுமே லாபம் தரும் ஒருவகைச் சூது என்ற அபிப்பிராயம், படித்தவர் படியாதவர் என்ற பேதமின்றி நம் குடும்பங்களில் வேரூன்றியிருக்கிறது. வேறு எவ்வளவோ விஷயங்களில் தர்க்கம் பேசுகிற கல்லூரி ஆசிரியரும், ரூபாய்க்கு ரூபாய் கணக்குப் பார்க்கிற ஜவுளி வியாபாரியும் இந்த ஒரு விஷயத்தில் ஒரே குரலில் பேசுகிறார்கள். பத்தாயிரம் ரூபாய் கட்டினால் ஐம்பது லட்சத்துக்குக் காப்பு என்று சொல்லும்போது நிமிர்ந்து உட்காருகிற மனிதர், “ஒன்றும் ஆகாவிட்டால் என்ன கிடைக்கும்?” என்று கேட்டு, “ஒன்றும் கிடைக்காது” என்ற விடையைக் கேட்டதும், “அப்படியானால் வேண்டாம்” என்று எழுந்துவிடுகிறார். இந்த எழுந்துபோதல் பிழை என்பதும், அந்தப் பிழையின் தண்டனை பிழை செய்தவர் தலையில் விழாமல் அவருடைய மனைவி மக்கள் தலையில் விழுகிறது என்பதும் இங்கே நான் நிறுவ முற்படும் கட்சி.

எதிர்க்கட்சியின் வாதத்தை அதன் பூரண பலத்தோடு எடுத்துரைப்பதே நியாயம். அவர்கள் சொல்வது இது: முப்பத்தைந்து வயதுக்காரன் ஒருவன் வெறும் காப்புக்காக ஆண்டுக்கு 10,000 ரூபாய் வீதம் இருபது ஆண்டுகள் கட்டினால் 2 லட்சம் ரூபாய் கைவிட்டுப் போகிறது, ஐம்பத்தைந்தாவது வயதில் அவன் கையில் ஒரு காசும் இல்லை. அதே மனிதன் ‘எண்டோமென்ட்’ பாலிசியோ ‘மணி பேக்’ பாலிசியோ எடுத்திருந்தால், இறந்தாலும் குடும்பத்துக்குப் பணம், இருந்தாலும் அவனுக்குப் பணம். மேலும், நம் ஜனங்கள் தாமாகச் சேமிக்கிற சுபாவம் உடையவர்கள் அல்லர். பிரீமிய நோட்டீஸ் வந்தால்தான் கட்டுவார்கள். அந்தக் கட்டாயமே அவர்களுக்குச் செல்வம். இதற்கு அநுபவ சாட்சியமும் உண்டு. பக்கத்து ஊரில்கூட பாங்கி இல்லாத அந்தக் காலத்தில், தகப்பனார் மாதம் தவறாமல் கட்டிய எல்.ஐ.சி. பாலிசி முதிர்ந்து வந்த பணத்தில்தான் பெரிய அக்காளின் கல்யாணம் நடந்தது என்று சொல்லக்கூடிய வீடுகள் தமிழ்நாட்டில் ஏராளம். இது முட்டாள்தனமான வாதம் அன்று. ஒரு தலைமுறையின் வாழ்க்கையிலிருந்து திரண்ட வாதம். ஆயினும் தவறான வாதம்.

1. முதல் ஆட்சேபம்: திரும்பி வர வேண்டும் என்று அவர்கள் கேட்கும் பணம் எங்கேயும் பதுங்கி இருக்கவில்லை.

இன்சூரன்ஸ் என்பதன் ஆணிவேரைப் பார்த்தால் இது விளங்கும். இன்ன மனிதன் இன்ன ஆண்டில் இறப்பான் என்று எவராலும் சொல்ல முடியாது. ஆனால் ஆயிரம் பேரை ஒருசேர எடுத்துக்கொண்டால் அவர்களில் ஏறத்தாழ எத்தனை பேர் அவ்வாண்டில் இறப்பார்கள் என்பதைச் சொல்ல முடியும். வால்மீன் புகழ் எட்மண்ட் ஹாலி, பிரெஸ்லாவ் நகரத்துப் பாதிரியார் ஒருவர் திரட்டிய பிறப்பு இறப்புக் குறிப்புகளைக் கொண்டு 1693-இல் வெளியிட்ட பட்டியல், இந்த உண்மைக்கு முதன்முதலில் கணித உருவம் கொடுத்தவற்றுள் ஒன்று; அதில் முப்பத்தைந்தாம் வயதில் உயிரோடிருந்த 490 பேர் நாற்பத்திரண்டாம் வயதில் 427 பேராகக் குறைந்திருந்தார்கள். அதாவது ஆண்டுக்குச் சராசரி ஒன்பது பேர். இன்று இந்தியாவில் இன்சூர் செய்துகொண்டவர்களுக்கான மரண விகிதப் பட்டியலில் அதே வயதுக்கு ஆயிரத்துக்கு ஒன்றைச் சற்றே மிஞ்சிய எண்தான் இருக்கிறது. விகிதம் மாறலாம்; முறை மாறவில்லை.

இனி, முப்பத்தைந்து வயதுள்ள ஆயிரம் பேர், தம்மில் எவர் இறந்தாலும் அவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் சேர வேண்டும் என்று தீர்மானித்துத் தலைக்கு ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் போட்டு ஒரு பொது நிதியை உண்டாக்குகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டு முடிவதற்குள் அவர்களில் ஒருவர் இறந்துவிடுகிறார். நிதியிலிருந்து 10 லட்சம் அந்த வீட்டுக்குப் போகிறது. சொச்சம் கணக்கெழுதியவர் கூலிக்கும் காகிதச் செலவுக்கும் சரியாகிறது. மிகுந்த 999 பேரும் டிசம்பர் மாதக் கடைசியில் வந்து, “எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, எங்கள் ஆயிரத்தைக் கொடுங்கள்” என்று கேட்டால், எதிலிருந்து கொடுப்பது? அது ஏற்கெனவே ஒரு விதவையின் வீட்டு வாடகையாகவும் பள்ளிக் கட்டணமாகவும் மாறிவிட்டது. அவளிடமிருந்து பிடுங்கித்தான் இவர்களுக்குத் தர வேண்டும்.

இந்த எளிய கணக்கு நமக்குப் புலப்படாமல் போவதற்கு ஒரு காரணம் உண்டென்று எனக்குத் தோன்றுகிறது. நமக்குப் பழக்கமான பரஸ்பர உதவி மொய். மொய் நோட்டில் எழுதப்பட்ட தொகை இன்றைக்கு இல்லாவிட்டாலும் என்றைக்காவது நம் வீட்டு விசேஷத்தில் திரும்பி வந்தே தீரும். வராவிட்டால் அது உறவு முறிகிற விவகாரம். இன்சூரன்ஸையும் அந்த நோட்டில் வரவு வைத்துப் பார்க்கிறோம். மொய்யில் எல்லார் வீட்டிலும் கல்யாணம் நடக்கும், ஆகையால் எல்லாருக்கும் திரும்பும். தவணைக் காலத்துக்குள் மரணமோ எல்லார் வீட்டிலும் நடப்பதில்லை, நடக்கவும் வேண்டாம்.

2. இரண்டாவது ஆட்சேபம்: இதைச் சூது என்பவர்கள் சூதின் இலக்கணத்தையே மறந்துவிடுகிறார்கள்.

சூதாடுகிறவன் தனக்கு இல்லாத ஓர் அபாயத்தைப் பணம் கொடுத்து உண்டாக்கிக்கொள்கிறான். குடும்பத் தலைவன் இன்சூர் செய்துகொண்டாலும் செய்துகொள்ளாவிட்டாலும் அவன் இறக்கக்கூடும் என்ற அபாயம் முன்னமே இருக்கிறது. அவன் அதை விலைகொடுத்து இறக்கிவைக்கிறான். பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் யாரோ ஒரு பிரபுவின் உயிர்மேல் முன்பின் அறியாதவர்கள் பந்தயம் கட்டிப் பாலிசி எடுத்த விபரீதம் நடந்ததும், 1774-இல் பார்லிமெண்டு சட்டமியற்றி, ஒருவன் உயிரோடிருப்பதில் பொருளாதாரப் பற்று உள்ளவர் மட்டுமே அவன்மேல் இன்சூர் செய்யலாம் என்று விதித்ததும் சரித்திரம். சூதும் இன்சூரன்ஸும் அன்றே சட்டப்படி பாகம் பிரிந்துவிட்டன. உண்மையில் துணிந்து சூதாடுகிறவன், கைக்குழந்தையும் வீட்டுக் கடனும் இருக்கக் காப்பின்றி மோட்டார் சைக்கிளில் நெடுஞ்சாலையில் போகிறவன்தான். ஆனால் அவனை எவரும் சூதாடி என்று சொல்வதில்லை.

3. மூன்றாவது ஆட்சேபம்: “திரும்பி வருகிறது” என்று மகிழ்கிறார்களே, அது யாருடைய பணம்?

இதற்கு விடை பிரீமியம் வகுக்கப்பட்ட கதையிலேயே இருக்கிறது. லண்டனில் ஜேம்ஸ் டாட்ஸன் என்ற கணித ஆசிரியர் வயது அதிகம் என்ற காரணத்தால் அங்கிருந்த ஆயுள் காப்புச் சங்கத்தில் சேர்க்கப்படாமல் திரும்பினார். அந்த அவமானத்திலிருந்து அவர் வகுத்த முறையே இன்றளவும் நடப்பது: வயதுக்கேற்ற பிரீமியம், ஆனால் ஆயுள் முழுவதும் மாறாத ஒரே தொகை. அவர் காலமான பிறகு 1762-இல் தோன்றிய எக்விடபிள் சங்கம் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. இளமையில் அபாயம் குறைவு; எனவே அப்போது கட்டும் தொகை தேவைக்கு மிஞ்சியது; மிஞ்சியதை ஒதுக்கி வட்டிக்கு விட்டு, முதுமையில் வரும் பற்றாக்குறையை அதனால் நிரப்ப வேண்டும். பாலிசியை இடையில் விடுகிறவனுக்குத் தரும் ‘சரண்டர் மதிப்பு’ என்று எதுவும் இருக்குமானால் அது இந்த ஒதுக்கத்திலிருந்து வருவது. ஆகவே, காப்புக்கு வேண்டிய விலைக்கு மேலாக எவ்வளவு அதிகம் வாங்கினார்களோ, அவ்வளவுதான் வட்டியோடு திருப்பித் தரமுடியும். ‘எண்டோமென்ட்’ இந்த அதிகப்படியை வேண்டுமென்றே பன்மடங்கு பெருக்கிய ஏற்பாடு; அதன் பிரீமியத்தில் சிறிய பங்கு காப்புக்கு, ஒரு பங்கு செலவுக்கும் கமிஷனுக்கும், பெரும்பங்கு சேமிப்புக்கு. இருபது ஆண்டுகள் கழித்து நன்றியோடு பெற்றுக்கொள்கிற காசோலையில் இருப்பது நம்முடைய சொந்தச் சேமிப்பு. போனஸ் என்று பெயரிட்டால் அது இனாமாகிவிடாது. லாபத்தில் பங்குள்ள பாலிசிகளில் மிச்சத்தின் தொண்ணூறு சதவீதத்துக்குக் குறையாமல் பாலிசிதாரருக்கே சேர வேண்டும் என்று சட்டமே சொல்வது, அது அவர்கள் பணத்தில் விளைந்தது என்பதனால்தான்.

அண்மைக் காலத்தில் இந்த மயக்கத்தை நேரடியாக விற்பனை செய்யும் பாலிசிகளும் வந்திருக்கின்றன: உயிரோடிருந்தால் கட்டிய பிரீமியம் முழுவதும் திரும்பக் கிடைக்கும், வட்டி மட்டும் கிடையாது. இதற்கு வெறும் காப்பைவிடக் கணிசமாக அதிகப் பிரீமியம். விலைவாசி ஆண்டுக்கு ஆறு சதவீதம் ஏறுமானால் முப்பது ஆண்டுகளுக்குப் பின் திரும்பி வரும் 100 ரூபாய், இன்றைய 17 ரூபாய்க்குத்தான் சாமான் வாங்கும். போட்டது அப்படியே வந்துவிட்டது என்ற திருப்தியைத் தவிர அதில் பெறுவதற்கு வேறொன்றும் இல்லை. அந்தத் திருப்திக்கு இத்தனை விலை அதிகம்.

4. நான்காவது ஆட்சேபமே எல்லாவற்றிலும் கனமானது: பணம் திரும்ப வேண்டும் என்ற பிடிவாதத்தால் காப்பு சுருங்கிப் போகிறது.

கணக்கைச் சுற்று எண்களில் போட்டுப் பார்ப்போம். மாதம் 30,000 ரூபாய் செலவாகும் ஒரு குடும்பம். சம்பாதிப்பவர் ஒருவர், வயது முப்பத்தைந்து. இன்சூரன்ஸுக்கென்று ஆண்டுக்கு 50,000 ரூபாய் ஒதுக்க முடிகிறது. அந்தத் தொகை முழுவதையும் இருபதாண்டு எண்டோமென்டில் போட்டால் சுமார் 10 லட்சத்துக்குக் காப்பு கிடைக்கும். போனஸ் காப்புத் தொகையில் ஆயிரத்துக்கு ஆண்டுதோறும் 45 ரூபாய் வீதம் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டால் முதிர்வில் 19 லட்சம் வரும். மாறாக, 10,000 ரூபாய்க்குள் 50 லட்சத்துக்கு வெறும் காப்பு வாங்கிக்கொண்டு, மிச்சமான 40,000-ஐ ஆண்டுதோறும் பொது சேமநல நிதியில் (பி.பி.எஃப்.) போட்டால், 2020 ஏப்ரலிலிருந்து நடப்பிலிருக்கும் 7.1 சதவீத வட்டியே நீடிக்கும் பட்சத்தில், இருபது ஆண்டு முடிவில் ஏறத்தாழ 17 லட்சத்து 75 ஆயிரம் வரும். உயிரோடிருந்து முதிர்வைப் பெறுகிறவனுக்கு முதல் வழியில் ஒன்றேகால் லட்சம் கூடுதல்தான். இதை நான் மறைக்க விரும்பவில்லை. எதிர்க்கட்சியினர் இதைத் தாராளமாகத் தம் பக்கம் வரவு வைத்துக்கொள்ளட்டும்.

ஆனால் அவன் ஐந்தாவது ஆண்டின் முடிவில் இறந்துபோகிறான் என்று கொள்வோம். இன்சூரன்ஸ் என்ற ஏற்பாடு பிறந்ததே இந்த ஒரு கேள்விக்காகத்தான். எண்டோமென்ட் எடுத்தவன் மனைவிக்கு 10 லட்சமும் போனஸுமாக 12 லட்சத்து 25 ஆயிரம் வரும். மற்றவன் மனைவிக்கு 50 லட்சமும், சேமநல நிதியிலிருந்து இரண்டரை லட்சத்துக்குச் சற்றுக் குறைவாகவும் வரும். மாதம் 30,000 என்றால் ஆண்டுக்கு 3 லட்சத்து 60 ஆயிரம். முதலாமவள் மூன்றரை ஆண்டுகூடத் தாக்குப்பிடிக்க மாட்டாள். இரண்டாமவள் வட்டியைக் கணக்கில் சேர்க்காமலே பதினான்கு ஆண்டுகளுக்கு மேல் குடும்பம் நடத்துவாள். இறந்தவன் குழந்தைக்கு அப்போது ஐந்து வயது என்றால், முதல் வீட்டில் பணம் தீரும்போது அது மூன்றாம் வகுப்பில் இருக்கும். இரண்டாவது வீட்டில் கல்லூரியில் இருக்கும். முதிர்வில் கூடுதலாக வரும் ஒன்றேகால் லட்சத்துக்காக எதை அடகு வைக்கிறோம் என்பதை இந்த இரண்டு வீடுகளும் சொல்லும்.

பாலிசி பேரம் நடக்கிற கூடத்தைச் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். அங்கே ஏஜெண்டு இருக்கிறார். காபி கொண்டுவந்து வைக்கப்படுகிறது. குடும்பத் தலைவர் முதிர்வுத் தொகை அச்சிட்ட காகிதத்தை மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்க்கிறார். நாமினி என்ற கட்டத்தில் பெயர் எழுதப்படப்போகிற அம்மாள் சமையலறையில் இருக்கிறாள். பத்திரத்தில் காப்புத் தொகை எவ்வளவு என்று அவள் முதன்முதலாக அறிவது, பெரும்பாலும், மரணச் சான்றிதழையும் பாலிசி பத்திரத்தையும் ரத்து செய்த காசோலை ஒன்றையும் எடுத்துக்கொண்டு மைத்துனனோடு கிளை அலுவலகத்தின் கிளெய்ம் மேஜைக்குமுன் உட்காரும்போதுதான். எவளுக்காக இந்த ஏற்பாடோ அவளைக் கேளாமல் செய்யப்படுவதால், இருப்பவருக்கு வரும் தொகை பெரிதாகவும் இல்லாதபோது வரும் தொகை சிறிதாகவும் முடிந்துவிடுகின்றன.

5. கட்டாயச் சேமிப்பு என்ற வாதத்துக்கு வருவோம். மனக்கட்டுப்பாடு இல்லாதவனை இது காப்பாற்றுகிறது என்கிறார்கள். உண்மை இதற்கு நேர் விரோதமானது: மனக்கட்டுப்பாடு இல்லாதவனையே இது மிகவும் கடுமையாகத் தண்டிக்கிறது. மூன்று ஆண்டுகள் நிறையுமுன் நிறுத்தினவனுக்குப் பாலிசி லேப்ஸ் ஆகி ஒன்றுமில்லாமல் போனதும், மூன்றாண்டு கட்டி நிறுத்தினவனுக்கு முதலாண்டுப் பிரீமியத்தைக் கழித்து மீதியில் முப்பது சதவீதம் மட்டுமே உறுதியான சரண்டர் தொகையாக இருந்ததும் நீண்ட காலத்து விதி. ஒன்றரை லட்சம் கட்டியவனுக்கு உறுதி 30,000. இந்த விதிகள் பின்னர் படிப்படியாகத் தளர்ந்து, 2024 அக்டோபரிலிருந்து முதலாண்டு முடிந்தாலே ஓரளவு திரும்பக் கிடைக்கும் என்ற நிலை வந்திருப்பது நல்லதுதான். ஆனால் இடையில் விட்டவன் பாங்கியில் போட்டவனைவிட நஷ்டத்தில் நிற்பது இன்றும் மாறவில்லை. வேலை போனவனும் வியாபாரம் நொடித்தவனும் நோயில் விழுந்தவனுமே இடையில் விடுகிறார்கள் என்பதை நினைத்தால், கஷ்டகாலத்துக்கென்று எடுத்தது கஷ்டகாலம் வந்தவுடன் கைவிடும் விநோதம் விளங்கும்.

இதில் ஏஜெண்டின் பங்கையும் சொல்லிவிட வேண்டும், ஆனால் அவர்மேல் எனக்குக் கோபமில்லை. முதலாண்டுப் பிரீமியத்தில் முப்பத்தைந்து சதவீதம்வரை கமிஷன் தரலாம் என்பது நெடுங்காலம் நிலவிய உச்சவரம்பு. 50,000 ரூபாய்ப் பிரீமியத்தில் அது 17,500. 10,000 ரூபாய்ப் பிரீமியத்தில் 3,500. வெயிலில் அலைந்து வயிறு வளர்க்கும் மனிதர் எதை விரும்பி விற்பார் என்பதற்கு மனோதத்துவ ஆராய்ச்சி வேண்டியதில்லை. “முதல் பிரீமியத்தில் என் பங்கைக் கழித்துக்கொள்ளுங்கள் சார்” என்று அவர் காட்டும் தாராளம் 1938-ஆம் ஆண்டு இன்சூரன்ஸ் சட்டத்தின் 41-ஆம் பிரிவின்படி குற்றம் என்பதை மட்டும் இங்கே குறித்துவைக்கிறேன்; வாங்குகிறவரும் அதில் கூட்டாளி.

6. “நாம் சாகாமலிருந்தால் கம்பெனிக்குக் கொள்ளை லாபம்” என்பது கடைசிக் குற்றச்சாட்டு. கம்பெனி எதிர்பார்க்கிற மரணங்களைக் கணக்கிட்டே விலை வைக்கிறது; எதிர்பார்த்ததற்குக் குறைந்தால் லாபம், மிஞ்சினால் நஷ்டம். கொரோனா காலத்தில் மிஞ்சியது. அப்படி மிஞ்சும் நாளுக்காகவே, கடமைகளுக்கு வேண்டியதைப் போல ஒன்றரை மடங்கு மூலதனப் பலம் வைத்திருக்க வேண்டும் என்று ஒழுங்குமுறை ஆணையம் விதித்திருக்கிறது. அபாயத்தில் ஒரு பங்கை மறு இன்சூரன்ஸ் கம்பெனிகளிடம் தள்ளிவிடும் வழக்கமும் அதற்காகவே. சந்தேகப்படுவது தவறென்று நான் சொல்லவில்லை; சந்தேகத்தைத் தவறான இடத்தில் செலுத்துகிறார்கள் என்கிறேன்.

பெரும் பணம் குவிவது காப்பு விலையில் அன்று, சேமிப்புப் பங்கில். 1956 செப்டம்பர் முதல் தேதி 245 ஸ்தாபனங்களை ஒன்றாக்கி எல்.ஐ.சி.யை அரசாங்கம் தோற்றுவித்ததற்கு ஒரு முக்கிய காரணம், தனியார் சிலர் பாலிசிதாரர் சேமிப்பைத் தம் சொந்த வியாபாரங்களுக்குத் திருப்பிய முறைகேடு. அடுத்த ஆண்டே, அந்தப் புதிய ஸ்தாபனத்தின் பணத்தில் ஒரு கோடி ரூபாய்க்கு மேல் ஹரிதாஸ் முந்த்ரா என்பவருடைய கம்பெனிகளின் பங்குகளில் போடப்பட்டது பார்லிமெண்டில் வெடித்தது; நீதிபதி சாக்ளா விசாரித்தார்; 1958-இல் நம் சென்னை ராஜ்யத்தைச் சேர்ந்த நிதி மந்திரி டி.டி. கிருஷ்ணமாச்சாரி ராஜினாமா செய்ய நேர்ந்தது. இருபது ஆண்டுக்குப் பிறகு திருப்பித் தருவதாகச் சொல்லி வாங்கிவைத்த பணம் கைக்கருகே மலையாகக் குவிந்திருந்ததுதான் இத்தனைக்கும் இடம் கொடுத்தது. ஆண்டுக்காண்டு வசூலித்து ஆண்டுக்காண்டு இறந்தவர் குடும்பங்களுக்குப் பகிர்ந்துவிடும் காப்பு நிதியில் திருட அவ்வளவு மிச்சம் இருப்பதில்லை. கம்பெனியை நம்பாதவர், தம் சேமிப்பையும் சேர்த்து அதனிடமே ஒப்படைப்பானேன்?

“அப்படியே காப்பு எடுத்தாலும் கடைசியில் கொடுக்க மாட்டார்கள்” என்பவர்களுக்குச் சுருக்கமாகப் பதில் சொல்லலாம். ஆயுள் பாலிசிகளின் மரணக் கிளெய்ம்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேற்பட்டவை கொடுக்கப்பட்டே வருகின்றன. மறுக்கப்படுபவற்றில் பெரும் தகராறு, நீரிழிவையும் இருதயக் கோளாறையும் விண்ணப்பத்தில் மறைத்ததால் வருவது. ஏஜெண்டு பூர்த்தி செய்த பாரத்தில் படிக்காமல் கையெழுத்திடும் பழக்கம் அதற்குத் தாய். பாலிசி வழங்கி மூன்று ஆண்டுகள் கடந்துவிட்டால் எந்தக் காரணம் காட்டியும் அதைக் கேள்வி கேட்க முடியாது என்று அதே இன்சூரன்ஸ் சட்டத்தின் 45-ஆம் பிரிவு தடுக்கிறது. இந்தப் பாதுகாப்பு இரண்டு வகைப் பாலிசிக்கும் சமமே. எனவே இது எண்டோமென்டுக்குச் சாதகமான வாதமாகாது.

ஏழைக்கு இதெல்லாம் எட்டாது என்பாரும் உளர். 2015-இல் தொடங்கிய பிரதம மந்திரி ஜீவன் ஜோதி திட்டத்தில், பாங்கிக் கணக்கு உள்ள பதினெட்டு முதல் ஐம்பது வயதுக்குட்பட்ட எவரும் ஆண்டுக்கு 436 ரூபாய் கட்டி 2 லட்சத்துக்குக் காப்பு பெறலாம். அதில் முதிர்வுமில்லை, போனஸுமில்லை. கட்டியவர் பிழைத்திருந்தால் ஒரு ரூபாயும் திரும்பாது. எதிர்க்கட்சியின் இலக்கணப்படி அது முழு நஷ்டம். கட்டிட வேலைக்குப் போன கணவனைப் பறிகொடுத்த ஒருத்திக்கு அந்த 2 லட்சம் வந்து சேர்கையில் எதிர்க்கட்சியார் அவளிடம் போய் இதைச் சொல்லிப் பார்க்கட்டும்.

வாசகர் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. பீரோவில் இருக்கும் பாலிசி பத்திரங்களையெல்லாம் எடுத்துவந்து, அவற்றின் காப்புத் தொகைகளைக் கூட்டி, வீட்டின் ஓராண்டுச் செலவால் வகுத்துப் பாருங்கள். அந்தக் கணக்கை மனைவி அருகில் இருக்கும்போது போடுங்கள். வரும் எண் இரண்டோ மூன்றோ ஆனால், பழைய பாலிசிகளை ஆத்திரப்பட்டு நஷ்டத்தில் சரண்டர் செய்துவிடாமல் அவற்றை அவற்றின் வழியில் விட்டு, பற்றாக்குறைக்கு வெறும் காப்பு ஒன்றை, நோய் நொடி எதையும் மறைக்காமல் உங்கள் கையாலேயே பாரத்தைப் பூர்த்தி செய்து, இந்த மாதமே எடுத்துவிடுங்கள்.